முதல் நாள் ரத்தம்

தலையில் அடிபட்டு ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்ததும், அவரைப் பற்றி மருத்துவர்கள் முதலில் பேசிக்கொள்வது ஓர் எண்ணைத்தான். "ஜி.சி.எஸ். எவ்வளவு?" என்று ஒருவர் கேட்பார். "பதினொன்று" என்பார் இன்னொருவர். கிளாஸ்கோ கோமா அளவுகோலின் சுருக்கப் பெயர் அது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். கண் திறக்கவில்லை என்றால் விரல் நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்துவார்கள், அல்லது கழுத்தும் தோளும் சேரும் இடத்துத் தசையைக் கிள்ளித் திருகுவார்கள். வலிக்கிற இடத்தைத் தேடிக் கை வந்து தட்டிவிட்டால் அசைவுக்கு 5. கையை வெறுமனே இழுத்துக்கொண்டால் 4. முழங்கை மடங்கி விறைத்தால் 3, நீண்டு விறைத்தால் 2. எந்த அசைவும் இல்லாவிட்டாலும் 1 உண்டு. ஆகவே ஒருவர் பெறக்கூடிய மிகக் குறைந்த மதிப்பெண் 3.

கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 1974-இல் லான்செட் இதழில் வெளியிட்ட முறை இது. பேனாவும் விரல்களும் தவிர வேறெதுவும் தேவைப்படாத பரிசோதனை என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமை என்ற பிரிவினையும் இதை ஒட்டியே நிலைபெற்றது. அரை நூற்றாண்டாக மூளைக்காயத்தின் தரத்தை நிர்ணயிப்பது இந்த மூன்று பெட்டிகள்தான்.

ஆனால் இந்த அளவுகோல் மூளை அந்த நிமிடத்தில் என்ன செய்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. மூளையில் எது எவ்வளவு சிதைந்தது என்பது அதற்குத் தெரியாது. நிறையக் குடித்துவிட்டு விழுந்தவருக்கு மூளையில் கீறல்கூட இல்லாமல் 10 வரலாம். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகியவரால் பேச முடியாது. பேச்சுக்கான மதிப்பெண்ணையே போட முடியாமல் போகிறது. குழாய் செருகுவதற்காகக் கொடுத்த மயக்க மருந்தோ மற்ற இரண்டு மதிப்பெண்களையும் கீழே இழுத்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, உள்ளே நரம்பிழைகள் பல அறுந்த ஒருவர் தெளிவாகப் பேசி, பெயர், ஊர், கிழமை எல்லாம் சொல்லி 15-க்கு 15 வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

சி.டி. ஸ்கேன் இந்தக் குறையில் பாதியைத் தீர்த்தது. காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவி 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. மண்டையைத் திறக்காமலேயே உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா, மூளை ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்க்க முடிந்தது. உடனே அறுவை செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு இன்றும் இதைவிடச் சிறந்த விடை இல்லை. ரத்தக்கட்டு சி.டி.யில் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுந்திருந்தாலோ பெரும்பாலும் எதுவுமே தெரியாது.

இதயத்தைப் பொறுத்தவரை மருத்துவம் இந்த நிலையை எப்போதோ தாண்டிவிட்டது. நெஞ்சுவலி என்று வருபவரின் ரத்தத்தில் ட்ரோபோனின் பார்ப்பார்கள். இதயத் தசை செத்தால் அந்தப் புரதம் ரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிந்தது என்பதே சேதத்தின் அளவைச் சொல்லும். மூளைக்கு மட்டும் ஏன் இப்படி ஒன்று இத்தனை காலம் கிடைக்கவில்லை? மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர்கள் மற்ற உறுப்புகளில் இருப்பதைவிட இறுக்கமாக அடைக்கப்பட்டவை. உள்ளிருக்கும் புரதம் எளிதில் வெளியே வராது. வந்து சேரும் கொஞ்சமும் உடலின் ஐந்து லிட்டர் ரத்தத்தில் கரைந்துபோகிறது. இன்றைய பரிசோதனையில் பயன்படும் ஒரு வரம்பு, மில்லிலிட்டருக்கு 22 பிக்கோகிராம். ஒரு கிராம் உப்பை நாலரைக் கோடி லிட்டர் தண்ணீரில் கரைத்தால் என்ன செறிவு வருமோ, அதுதான். அந்த அளவைத் துல்லியமாகக் கண்டறியும் முறைகள் வரும்வரை மூளையின் புரதம் ரத்தத்தில் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

முதலில் முயன்று பார்த்தது எஸ்100பி என்ற புரதத்தை. 1965-இல் பிளேக் மூர் மூளைத் திசுவிலிருந்து பிரித்தெடுத்த புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளின் தலைக்காய வழிகாட்டுதலில் 2013-இல் இதற்கு இடம் கிடைத்தது: காயம்பட்ட ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, அளவு குறைவாக இருந்தால் சி.டி. தேவையில்லை என்று அனுப்பிவிடலாம். நல்ல முயற்சிதான். ஆனால் எஸ்100பி மூளையில் மட்டும் இருப்பதில்லை. கொழுப்புத் திசுவிலும் உண்டு. தலையில் அடியே படாமல் காலெலும்பு முறிந்தவருக்கும், மாரத்தான் ஓடி முடித்தவருக்கும்கூட அது ஏறுகிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்குத் தலை மட்டுமா அடிபடுகிறது? விலா, இடுப்பு, கால் எல்லாம் சேர்ந்தல்லவா அடிபடுகிறது. மிகவும் தேவைப்படும் இடத்திலேயே அந்தப் பரிசோதனை குழம்பிப்போனது.

மூளைக்கே உரியது என்று ஏறக்குறையச் சொல்லக்கூடிய ஒரு புரதம் வேறு ஒரு நோயின் ஆய்விலிருந்து வந்தது. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயால் இறந்தவர்களின் மூளையில் தழும்பேறிய பகுதிகளை லாரன்ஸ் எங் ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே அடர்ந்து கிடந்த இழைப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதன் இன்றைய பெயர் ஜி.எஃப்.ஏ.பி. ஆஸ்ட்ரோசைட் எனப்படும் விண்மீன் வடிவ அணுக்களுக்குள் சட்டகம்போல நிற்பது இது. ஆஸ்ட்ரோசைட்டுகள் மூளையின் ரத்தக்குழாய்களைத் தம் பாதங்களால் சுற்றிப் பிடித்திருப்பவை. தலை வேகமாக மோதும்போது மூளையும் குழாய்களும் ஒன்றையொன்று இழுக்கும் எல்லையில்தான் இந்தப் பாதங்கள் இருக்கின்றன. அணு கிழிகிறது, காயத்தில் கட்டவிழும் நொதிகள் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன, துண்டுகள் ரத்தத்துக்கு வந்து சேர்கின்றன.

இதன் கூட்டாளி யூ.சி.ஹெச்.-எல்1. இது நரம்பணுக்களுக்குள்ளே ஏராளமாக இருக்கும் நொதி, பழுதான புரதங்களை அகற்றும் வேலையில் பங்கெடுப்பது. ஆக, ஒன்று நரம்பணுவின் சேதத்தைச் சொல்கிறது, மற்றொன்று அதைத் தாங்கி நிற்கும் அணுவின் சேதத்தைச் சொல்கிறது.

இரண்டும் ஒரே வேகத்தில் ஏறி இறங்குவதில்லை. ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் அவசர சிகிச்சை மருத்துவர் லிண்டா பாப்பாவின் குழு 584 பேரிடம் ஏழு நாள் வரை திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து இதைப் பின்தொடர்ந்தது. முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. காயம்பட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரண்டையும் கண்டறிய முடிந்தது. யூ.சி.ஹெச்.-எல்1 வேகமாக ஏறி எட்டாம் மணி நேரத்தில் உச்சம் தொட்டு, இரண்டு நாளில் சரிந்துவிட்டது. ஜி.எஃப்.ஏ.பி. நிதானமாக ஏறி இருபதாம் மணி நேரத்தில் உச்சம் தொட்டு, மூன்று நாள் வரை மெல்ல மெல்ல இறங்கியது. ஏழாம் நாளிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இதிலிருந்து நடைமுறையில் ஒன்று தெளிவாகிறது. எத்தனையாவது மணியில் எடுத்த ரத்தம் என்று பக்கத்தில் எழுதாவிட்டால், அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. இரண்டாம் மணியில் 300 என்பதும் இருபதாம் மணியில் 300 என்பதும் இரண்டு வெவ்வேறு மூளைகளின் கதை.

பிறகு பெரிய சோதனை வந்தது. அமெரிக்கா, ஜெர்மனி, ஹங்கேரி ஆகிய மூன்று நாடுகளில், தலைக்காயத்துடன் வந்து சி.டி.யும் எடுத்துக்கொண்ட 1,959 பேரின் ரத்தத்தில் இந்த இரண்டு புரதங்களையும் அலர்ட்-டி.பி.ஐ. ஆய்வு அளந்து பார்த்தது. ரத்தம் எடுத்தது காயம்பட்ட 12 மணி நேரத்துக்குள். சி.டி.யில் காயம் தெரிந்தவர்கள் வெறும் 125 பேர், அதாவது நூற்றுக்கு ஆறு. மீதி 1,834 பேரும் கதிர்வீச்சை வாங்கிக்கொண்டு, மணிக்கணக்கில் காத்திருந்து, "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு போனவர்கள். ரத்தப் பரிசோதனை 671 பேருக்கு 'காயம் இல்லை' என்றது. அவர்களில் மூன்று பேருக்கு மட்டும் சி.டி.யில் காயம் இருந்தது. அறுவை தேவைப்பட்ட ஒருவரைக்கூட அது தவறவிடவில்லை. அதாவது, மூவரில் ஒருவருக்கு சி.டி.யைத் தவிர்த்திருக்கலாம். இந்த அடிப்படையில் 2018 பிப்ரவரி 14 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மூளைக்காயத்துக்கான முதல் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி அளித்தது.

அதே கணக்கை மறுபுறமிருந்தும் பார்க்க வேண்டும். 'காயம் இருக்கலாம்' என்று பரிசோதனை சொன்னவர்கள் 1,288 பேர். அவர்களில் சி.டி.யில் உண்மையாகவே காயம் தெரிந்தவர்கள் 122 பேர்தான், பத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆகவே இந்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் மூளையில் ரத்தக்கசிவு என்று யாரும் பதறக் கூடாது. சி.டி. எடுத்துப் பாருங்கள் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. வயதானவர்களுக்கு ஜி.எஃப்.ஏ.பி. இயல்பிலேயே சற்று உயர்ந்திருப்பதால் அவர்களிடம் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல்.

மீதி 1,166 பேருக்கும் பரிசோதனை பொய்தான் சொன்னதா? எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஜெஃப்ரி மேன்லி தலைமையில் நடந்துவரும் டிராக்-டி.பி.ஐ. என்ற பெரிய ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. சி.டி.யில் எந்தக் காயமும் தெரியாத 450 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு எம்.ஆர்.ஐ. செய்து பார்த்தார்கள். 120 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 27 பேருக்கு, காயம் இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் காயம் தெரிந்தவர்களின் ஜி.எஃப்.ஏ.பி. இடைநிலை அளவு மில்லிலிட்டருக்கு 414 பிக்கோகிராம், தெரியாதவர்களுக்கு 74. ரத்தம் சொன்னதைக் கேட்காமல் படத்தை மட்டும் நம்பியதால், காயம்பட்ட மூளைகளை "நார்மல்" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பதே இதன் பொருள். எந்தச் சோதனையை வைத்து மற்றொன்றைப் பொய் என்கிறோமோ, அந்தச் சோதனைக்கே கண் மங்கலாக இருந்திருக்கிறது.

'லேசான காயம்' என்ற பெயர் எத்தனை பேரைக் கைவிட்டிருக்கிறது என்பதும் இதே ஆய்வில் தெரிந்தது. ஓராண்டு கழித்து விசாரித்தபோது, லேசான மூளைக்காயம் என்று பதிவானவர்களில் 53 விழுக்காட்டினர் அன்றாட வாழ்வில் ஏதோ ஒன்று முன்புபோல் இல்லை என்றார்கள். தலை தவிர்த்து எலும்பும் தசையும் மட்டும் அடிபட்டவர்களில் இது 38 விழுக்காடு. தலைவலி, மறதி, வெளிச்சம் கண்டால் கூச்சம், சட்டென்று வரும் கோபம், கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் ஓய்ந்துபோகும் மூளை. வெளியே தெரியாத இந்தக் குறைகளை வீட்டிலும் அலுவலகத்திலும் சோம்பல் என்பார்கள், நடிப்பு என்பார்கள். லேசான காயம் பெற்ற 831 பேரைப் பின்தொடர்ந்தபோது, மூன்று மாதத்துக்குள் ஒரு மருத்துவரையோ வேறு சிகிச்சையாளரையோ பார்த்தவர்கள் 44 விழுக்காடுதான். அமெரிக்காவின் தலைசிறந்த விபத்து மருத்துவமனைகளிலேயே இந்த நிலை.

இனி, குடும்பத்தார் கேட்கும் கேள்விக்கு வருவோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்பவர்கள் பிக்கோகிராம் பற்றிக் கேட்பதில்லை. "பிழைச்சுக்குவாரா டாக்டர்? பழையபடி ஆயிடுவாரா?" என்றுதான் கேட்கிறார்கள். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதல் நாள் ரத்தம் இரண்டுக்கும் ஒரே உறுதியோடு பதில் சொல்வதில்லை.

2022-இல் ஃபிரெடரிக் கோர்லியும் டிராக்-டி.பி.ஐ. குழுவினரும் 1,696 பேரின் முதல் நாள் ரத்தத்தை அவர்களின் ஆறாம் மாத நிலையோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அந்த ஆறு மாதத்தில் 120 பேர் இறந்திருந்தார்கள். முழுமையாகத் தேறியவர்கள் 581 பேர். ரத்தத்தின் கணிப்புத் திறனை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: இறந்தவர் ஒருவர், பிழைத்தவர் ஒருவர் என்று ஏதேச்சையாக ஒரு ஜோடியை எடுத்து, இருவரின் முதல் நாள் அளவையும் பாருங்கள். யாருக்கு அளவு அதிகமோ அவர்தான் இறந்தவர் என்று சொன்னால், ஜி.எஃப்.ஏ.பி. நூற்றுக்கு 87 தடவை சரியாகச் சொல்கிறது. யூ.சி.ஹெச்.-எல்1 89 தடவை. காசு சுண்டிப் போட்டாலே 50 தடவை சரியாக வரும் என்பதை நினைவில் வையுங்கள். நடுத்தர, கடுமையான காயங்களில், வயது, கருமணியின் வெளிச்ச எதிர்வினை, சி.டி. எல்லாவற்றையும் சேர்த்துக் கணிக்கும் பழைய முறைகளோடு இந்த இரண்டு எண்களையும் சேர்த்தபோது கணிப்பு இன்னும் கூர்மையானது. பிழைப்பாரா என்பதற்கு ரத்தம் நல்ல சாட்சி.

பழையபடி ஆவாரா என்பதற்கு? முழுமையாகத் தேறியவரையும் தேறாதவரையும் பிரித்துச் சொல்வதில் ஜி.எஃப்.ஏ.பி.யின் மதிப்பெண் 62, மற்றதற்கு 61. காசு சுண்டுவதைவிடச் சற்றே மேல். இதில் வியப்பில்லை. எத்தனை அணு சிதைந்தது என்பதை ரத்தம் சொல்கிறது. எந்த இடத்து அணு என்பதைச் சொல்லாது. மூளைத்தண்டில் ஒரு சிறு சிதைவும் நெற்றிப்பக்கத்தில் ஒரு பெரிய சிதைவும் ரத்தத்தில் ஒரே எண்ணாக வந்து நிற்கலாம். தேறுவதோ காயத்தோடு முடியும் விஷயமில்லை. வயது, முன்பே இருந்த மனச்சோர்வு, வீட்டில் கவனிக்க ஆள் இருக்கிறார்களா, பயிற்சி சிகிச்சை தொடர்ந்து கிடைத்ததா, எல்லாம் அதில் சேர்கின்றன. முதல் நாள் ஊசியில் எடுத்த ரத்தத்தில் இவை எதுவும் இல்லை.

புரதம் ரத்தத்துக்கு வந்து சேரும் பாதையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தூங்கும்போது மூளையின் கழிவுகளைக் கழுவி வெளியேற்றும் திரவ ஓட்டம் ஒன்றை ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் ஆய்வகம் 2012-இல் விவரித்தது. அதே ஆய்வகம் 2015-இல் தலையில் அடிபட்ட எலிகளில் அந்த ஓட்டத்தைத் தடுத்துப் பார்த்தது. தூங்கவிடாமல் வைப்பதும் தடுத்த வழிகளில் ஒன்று. மூளை காயம்பட்டிருந்தும் ரத்தத்தில் காய அடையாளங்கள் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது. ஆனாலும், ரத்தத்தில் குறைவு என்றால் மூளையில் சேதம் குறைவு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டுபவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

இந்த எண்ணைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் கருதும் ஓர் இடம் இருக்கிறது. கடுமையான மூளைக்காயத்தில் பலர் எப்படி இறக்கிறார்கள் என்று பாருங்கள். கனடாவின் ஆறு விபத்து மையங்களில் கடுமையான மூளைக்காயத்துடன் இருந்த 720 பேரைப் பற்றிய ஆய்வு 2011-இல் வந்தது. இறந்த 228 பேரில் நூற்றுக்கு 70 பேரின் மரணம், இனிப் பயனில்லை என்று உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தியதைத் தொடர்ந்து வந்தது. அவற்றில் பாதி முதல் மூன்று நாள்களுக்குள். மையத்துக்கு மையம் இறப்பு விகிதம் நூற்றுக்கு 11-லிருந்து 44 வரை வேறுபட்டது. பிழைக்க மாட்டார் என்று கணித்து சிகிச்சையை நிறுத்துகிறோம், அவர் இறந்துபோகிறார், கணிப்பு சரியென்று பதிவாகிறது. அந்தப் பதிவிலிருந்தே அடுத்த கணிப்பு உருவாகிறது. ரத்தத்தின் 87-க்கும் 89-க்கும் உள்ளேகூட இந்தச் சுழற்சி கொஞ்சம் கலந்திருக்க வேண்டும்.

காத்திருந்தவர்களின் கதை வேறு மாதிரி இருக்கிறது. 2021-இல் வெளிவந்த டிராக்-டி.பி.ஐ. முடிவுகளில், கடுமையான காயம் பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஓராண்டு முடிவில் வீட்டில் நாளுக்கு எட்டு மணி நேரமாவது துணையின்றி இருக்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். இரண்டாம் வாரத்தில் தன்னுணர்வின் அடையாளமே இல்லாமல் கிடந்த 79 பேரில் 62 பேர் ஓராண்டுக்குள் தன்னுணர்வு பெற்றார்கள். இரண்டாம் வாரத்திலேயே கணிப்பு இவ்வளவு தவறும் என்றால், முதல் நாளில் எடுத்த ஒரு துளி ரத்தத்தின் பேரில் கருவியை அணைக்கச் சொல்லி ஒரு குடும்பத்திடம் கையெழுத்து வாங்குவது அறமில்லை. கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று காட்டுவதற்கு இந்த எண் உதவட்டும். கவனிப்பை நிறுத்துவதற்கு அதைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

கருவிகள் வேகமாக மாறிவருகின்றன. 2018-இல் அனுமதி பெற்ற பரிசோதனைக்கு ஆய்வகமும் மூன்று நான்கு மணி நேரமும் வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் கையடக்கக் கருவி வந்தது. அதற்கும் ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். 2024-இல் அந்த வேலையும் போய்விட்டது. கை நரம்பில் எடுத்த ரத்தத்தில் சில துளிகளை ஒரு சிறு கார்ட்ரிட்ஜில் விட்டு, மூடியைச் சாத்தி, கருவிக்குள் செருகினால், படுக்கையருகிலேயே 15 நிமிடத்தில் இரண்டு எண்களும் திரையில் வருகின்றன. காயம்பட்ட 24 மணி நேரம் வரை பயன்படுத்தலாம். சி.டி. இருக்கும் ஊருக்கு இரண்டு மணி நேரம் ஆம்புலன்ஸில் போக வேண்டிய இடங்களில் யாரை உடனே அனுப்புவது, யாரை வைத்துக் கவனிப்பது என்று முடிவெடுக்க இது பெரிய உதவியாக இருக்கும். ஆனால் இதுவரையிலான ஆய்வுகளில் பெரும்பாலானவை, சி.டி. பக்கத்து அறையிலேயே இருக்கும் மருத்துவமனைகளில் நடந்தவை. தேவை அதிகமுள்ள இடத்தில் சோதித்துப் பார்ப்பது இனிமேல் பெரிய அளவில் நடக்க வேண்டும். ஒரு கருவியின் வரம்பு எண்ணை இன்னொரு கருவிக்குப் பொருத்தவும் முடியாது. ஒவ்வொன்றும் அளக்கும் விதம் வேறு.

2025-இல் 14 நாடுகளைச் சேர்ந்த 94 வல்லுநர்கள் லான்செட் நியூராலஜி இதழில் புதிய வகைப்பாடு ஒன்றை முன்வைத்தார்கள். லேசு, நடுத்தரம், கடுமை என்ற மூன்று பெட்டிகளுக்குப் பதிலாக நான்கு தூண்கள்: நோயாளியின் நிலை, ரத்த அடையாளங்கள், படங்கள், மீட்சியைக் கூட்டியோ குறைத்தோ போகும் அவருடைய வாழ்க்கைச் சூழல். பழைய முறையில் ஒரே வரியில் 'லேசான தலைக்காயம், சி.டி. நார்மல், வீட்டுக்கு அனுப்பப்பட்டார்' என்று முடிந்துபோன ஒருவரின் குறிப்பு இனி வேறு விதமாக இருக்கும்: ஜி.சி.எஸ். 15, கடுமையான தலைவலி, நடந்தது நினைவில்லை, ஆறாம் மணியில் எடுத்த ரத்தத்தில் ஜி.எஃப்.ஏ.பி. உயர்வு, சி.டி.யில் காயம் தெரியவில்லை. முன்பும் ஒருமுறை தலையில் அடிபட்டவர், தனியாக வசிக்கிறார். இப்படிப்பட்டவருக்கு எம்.ஆர்.ஐ. எழுதித் தரலாம். இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொல்லித் தேதி கொடுக்கலாம். உயரத்தில் ஏறும் வேலை, வண்டி ஓட்டும் வேலை என்றால் எப்போது திரும்பலாம் என்று பேசி முடிவு செய்யலாம். குழந்தைகளுக்கு எந்த அளவை வரம்பாகக் கொள்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. இப்போதைய அனுமதி 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்தான். முதல் நாளோடு நிறுத்தாமல் வாரக்கணக்கில் ரத்தத்தைத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. நரம்பிழைகளுக்குள்ளிருந்து மெல்லக் கசிந்து வாரங்கள் கழித்தும் உயர்ந்தே நிற்கும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் அவற்றில் முன்னணியில் இருக்கிறது. பழையபடி ஆவாரா என்ற இரண்டாம் கேள்விக்கு அதுதான் இன்னும் நல்ல பதில் தரும் என்று பல ஆய்வாளர்கள் எதிர்பார்க்கிறார்கள்.